பத்தாண்டில் தெரியாதது: கப்பல் தொழிலாளர்களும் ஆஸ்பெஸ்டாஸும்



தொழில்சார் நுரையீரல் நோய் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது, கல்குவாரியையோ பஞ்சாலையையோ எடுத்துக்கொள்வேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் அமெரிக்கக் கடற்படையின் கப்பல்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே ஒரு நோயைத் தேடி மருத்துவர்கள் எக்ஸ்ரே கருவியோடு போனார்கள். ஆயிரம் பேருக்கு மேல் படம் எடுத்துப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, ஆபத்து இல்லை என்று எழுதினார்கள். தேடிய இடம் சரி, தேடிய முறையும் சரி; தேடிய காலம் தவறு. அந்தத் தவறுக்கு எத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் கப்பலுக்குள் போவோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஃபிளெட்சர் வகை டெஸ்ட்ராயர் கப்பலில், சதுர அங்குலத்துக்கு 600 பவுண்டு அழுத்தத்தில், 850 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, அதாவது ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீராவி ஓடியது. ஆட்கள் நின்று வேலை செய்யும் அறையில் அப்படிப்பட்ட குழாயை வெறுமனே விட முடியாது. தொட்டால் தோல் உரிந்துவிடும். டர்பைனுக்குப் போய்ச் சேருமுன் வெப்பமும் வீணாகிவிடும். ஆகவே குழாய், வால்வு, பம்ப், டர்பைன் உறை என்று எல்லாவற்றின் மேலும் வெப்பக்காப்பு போடுவார்கள். நம் அனல்மின் நிலையங்களில் லேகிங் என்று சொல்கிறார்களே, அதே வேலை.

நேரான குழாய்க்கு 85 பங்கு மக்னீசியாவும் 15 பங்கு ஆஸ்பெஸ்டாஸும் கலந்து வார்த்த அரைவட்டத் துண்டுகளை ரம்பத்தால் அறுத்துப் பொருத்தினார்கள். வளைவுக்கும் வால்வுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்டை மூட்டையிலிருந்து கொட்டி, தண்ணீர் விட்டு, கையாலேயே குழைத்துப் பூசினார்கள். டர்பைனுக்கு அமோசைட் மெத்தை. அதற்கும் மேல் ஆஸ்பெஸ்டாஸ் துணியைச் சுற்றித் தைத்துப் பெயின்ட் அடித்தார்கள். அமோசைட் என்பது தென்னாப்பிரிக்காவில் வெட்டியெடுத்த பழுப்பு ஆஸ்பெஸ்டாஸ். எடை குறைவு, வெப்பத்தை நன்றாகத் தாங்கும். போர்க்கப்பலில் ஒவ்வொரு டன்னுக்கும் கணக்கு உண்டு. எனவே 1930களில் அமெரிக்கக் கடற்படை அதை விரும்பி ஏற்றுக்கொண்டது. நியூஜெர்சி மாநிலத்துப் பேட்டர்சன் நகரில் 1941 முதல் 1954 வரை ஓர் ஆலை முக்கியமாகக் கடற்படைக் கப்பல்களுக்காகவே அமோசைட் காப்புப் பொருளைத் தயாரித்தது.

புதுக் கப்பலில் காப்புப் போடும்போது தூசி பறக்கும். பழைய கப்பலைப் பழுதுபார்க்க நிறுத்தி, காய்ந்து உதிரும் காப்பைச் சுத்தியலால் தட்டிப் பிய்த்தெடுக்கும்போது பறக்கும் தூசி அதைவிடப் பல மடங்கு. அடித்தளத்து அறைகளில் காற்றோட்டம் கிடையாது. காப்புப் போடுகிறவர் ஒருவர் என்றால், அதே அறையில் வெல்டர், எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், பெயின்டர், கூட்டிப் பெருக்குகிற பையன் என்று பத்துப் பேர் இருப்பார்கள். பிரிட்டனின் டெவன்போர்ட் கப்பல் தளத்தில் 1960களின் பிற்பகுதியில் கடற்படை மருத்துவர் பீட்டர் ஹாரீஸ் ஆராய்ந்தபோது, ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் என்று பதிவேட்டில் பெயர் இல்லாதவர்கள். பக்கத்தில் நின்று வேறு வேலை பார்த்தவர்கள். கப்பல் கடலுக்குப் போன பிறகு மாலுமிகளின் முறை. பம்பைத் திறந்து பழைய கேஸ்கெட்டைச் சுரண்டியெடுப்பதும், பாக்கிங்கை மாற்றுவதும், கிழிந்த காப்பை ஒட்டுவதும் எஞ்சின் அறைக்காரர்களின் அன்றாட வேலை. தாங்கள் படுத்த படுக்கைக்கு நேர் மேலே காப்பு போட்ட குழாய்கள் ஓடியதையும், பீரங்கி அதிர்ந்தால் அதிலிருந்து தூசி உதிர்ந்ததையும் பிற்காலத்தில் பலர் சாட்சியமாகச் சொன்னார்கள்.

அந்தக் காலத்தில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. அதை நான் ஏற்கமாட்டேன். இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் ஆஸ்பெஸ்டாஸ் நூற்ற நெல்லி கெர்ஷா 1924இல் இறந்தார். அவர் நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் குக் அதே ஆண்டு மருத்துவ இதழில் எழுதினார். 1930இல் மெரிவெதரும் பிரைஸும் பிரிட்டிஷ் அரசுக்கு விரிவான அறிக்கை கொடுத்தார்கள். 1931இல் அங்கே சட்ட விதிகளே வந்துவிட்டன. அமெரிக்கக் கடற்படைக்குள்ளும் தெரிந்திருந்தது. 1941 மார்ச்சில், கடற்படை மருத்துவப் பிரிவில் நோய்த்தடுப்பைக் கவனித்த கமாண்டர் ஸ்டீஃபன்சன் தம் மேலதிகாரியான அட்மிரல் மெக்கின்டயருக்கு ஒரு குறிப்பு எழுதினார். ஆஸ்பெஸ்டாஸ் வேலை நிறைய நடக்கிறது, அந்த ஆட்களைக் காக்கவேண்டிய முறையில் நாம் காக்கவில்லை என்பது நிச்சயம் என்பது அதன் சாரம். வெளியிலிருந்து சுகாதார ஆய்வாளர்கள் கப்பல் தளங்களுக்குள் வந்தால் தொழிலாளர்களிடையே சலசலப்பு உண்டாகும் என்ற தயக்கமும் அதே குறிப்பில் பதிவாகியிருக்கிறது. 1943இல் தனியார் தளங்களுக்குப் பாதுகாப்பு விதிகள் அச்சிடப்பட்டன: ஆஸ்பெஸ்டாஸ் வேலையைத் தனி இடத்தில் செய்ய வேண்டும், தூசியை உறிஞ்சும் ஏற்பாடு வேண்டும், சுவாசக் கவசம் வேண்டும் என்று. போர் அவசரத்தில் அவை பெரும்பாலும் தாளோடு நின்றுவிட்டன.

எவ்வளவு தூசி இருக்கலாம் என்பதற்கு ஓர் எல்லையும் இருந்தது. கன அடிக்கு 50 லட்சம் துகள். வட கரோலினாவின் ஆஸ்பெஸ்டாஸ் நெசவாலைகளில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை நடத்திய ஆய்விலிருந்து 1938இல் வந்த எண் அது. அந்த ஆய்வு தொடங்குமுன் சுமார் 150 தொழிலாளர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் வேலைக்கு வந்து அதிக காலம் ஆகாதவர்கள். அவர்கள் மார்பை வைத்துக்கொண்டு எல்லை வகுத்தார்கள்.

இப்போது 1946க்கு வருகிறேன். இந்த உரையில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் இது. அந்த ஆண்டு ஜனவரியில் தொழில்சார் சுகாதார இதழ் ஒன்றில் ஃபிளைஷர், டிரிங்கர் முதலான நால்வரின் கட்டுரை வெளிவந்தது. கடற்படைக் கப்பல்களில் குழாய்க்குக் காப்புப் போடுகிறவர்களின் உடல்நிலை பற்றிய ஆய்வு. பிலிப் டிரிங்கர் சாதாரண ஆள் அல்ல. ஹார்வர்டு பேராசிரியர். போலியோ வந்து மூச்சு நின்றுபோன குழந்தைகளைக் காப்பாற்றிய இரும்பு நுரையீரல் கருவியை 1920களின் இறுதியில் உருவாக்கிய இருவரில் ஒருவர். எத்தனையோ பேருக்கு மூச்சு கொடுத்தவர் என்பதால்தான் அவர் பெயரை இந்தக் கட்டுரையில் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

அவர்கள் 1,074 தொழிலாளர்களுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஆஸ்பெஸ்டோசிஸ், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரல் தழும்பாகி இறுகும் நோய், இருந்தது மூன்றே பேருக்கு. குழாய்க் காப்பு வேலை ஆபத்தான தொழில் அல்ல என்று முடிவு எழுதினார்கள். ஆனால் அதே கட்டுரைக்குள்ளேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. பரிசோதிக்கப்பட்டவர்களில் 95 விழுக்காட்டினர் இந்தத் தொழிலுக்கு வந்து பத்து ஆண்டுகள் ஆகாதவர்கள். போருக்காகப் புதிதாகச் சேர்க்கப்பட்டவர்கள். நோய் கண்ட மூவருமோ, இருபது ஆண்டுகளுக்கு மேல் கப்பல் தளத்தில் உழைத்தவர்கள். எண்ணைப் பதிவு செய்தவர்களே அந்த எண் என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை. அடுத்த இருபது ஆண்டுகள் யார் கேட்டாலும் இந்தக் கட்டுரைதான் பதிலாக நீட்டப்பட்டது.

மருத்துவ மாணவர்களுக்காக ஒரு நிமிடம். இந்த இழை மூச்சோடு உள்ளே போனால் என்ன ஆகிறது? பெரிய தூசியை மூக்கும் சளியும் பிடித்து வெளியே தள்ளிவிடும். ஆஸ்பெஸ்டாஸ் இழை நீளமானது, ஆனால் மிக மெல்லியது. நீளவாக்கில் காற்றோடு காற்றாகச் சிற்றறை வரை போய்விடும். அங்கே அதை விழுங்க வரும் மேக்ரோஃபேஜ் செல்லைவிட இழை நீளமாக இருந்தால் விழுங்க முடியாது. செல் சாகும், அழற்சி உண்டாகும், அடுத்த செல் வரும். அமோசைட்டும் நீல ஆஸ்பெஸ்டாஸான குரோசிடோலைட்டும் பல பத்தாண்டுகள் கரையாமல் அங்கேயே கிடக்கும். மெல்ல மெல்ல நுரையீரலின் அடிப்பகுதி தழும்பாகி இறுகும். முதுகில் அடிப்பக்கம் ஸ்டெதாஸ்கோப் வைத்து, ஆழ்ந்து மூச்சை இழுக்கச் சொல்லுங்கள். மூச்சின் கடைசிப் பகுதியில், வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்கும். இருமச் சொல்லிவிட்டு மறுபடி கேளுங்கள், மறையாது. அந்தச் சத்தம் கேட்கத் தொடங்குவதற்கு, தூசி பட்ட நாளிலிருந்து பெரும்பாலும் இருபது ஆண்டு ஆகும். நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கு முப்பது, நாற்பது, சில வேளைகளில் ஐம்பது ஆண்டு. வந்த பிறகு பெரும்பாலோருக்கு மிஞ்சுவது ஓராண்டு, அதைவிடச் சற்று அதிகம். இந்தப் புற்றுநோய்க்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் உள்ள உறவை 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் அவருடைய சகாக்களும் 33 நோயாளிகளை வைத்து நிறுவினார்கள். அவர்களில் பலர் சுரங்கத்தில் வேலையே செய்யாதவர்கள். சுரங்கத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்கள்.

1964இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த இர்விங் செலிகாஃப் வந்தார். நம்மைப் போன்ற நெஞ்சு மருத்துவர்தான். 1952இல் ஐசோநியாசிட் குடும்ப மருந்துகளைக் காசநோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர். பேட்டர்சன் நகரில் அவர் நடத்திய கிளினிக்குக்கு அந்த அமோசைட் ஆலையின் தொழிலாளர்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகச் செத்தும்கொண்டிருந்தார்கள். கம்பெனிகள் பதிவேடுகளைத் தரவில்லை. அவர் தொழிற்சங்கத்திடம் போனார். யார், எந்த ஆண்டு, எந்த வயதில் தொழிலில் சேர்ந்தார் என்ற உறுப்பினர் பட்டியலை நியூயார்க், நியூஜெர்சி வெப்பக்காப்புத் தொழிலாளர் சங்கம் பத்திரமாக வைத்திருந்தது. மருத்துவ வரலாற்றில் இதுபோல் பயன்பட்ட பட்டியல்கள் மிகச் சில என்று நான் நினைக்கிறேன்.

செலிகாஃப் குழு 1,117 பேரைப் பரிசோதித்தது. 1946ஆம் ஆண்டுக் கட்டுரையின் 1,074ஐ நினைவில் வையுங்கள்; தொழில் ஒன்று, எக்ஸ்ரே ஒன்று, தலைக்கணக்கும் கிட்டத்தட்ட ஒன்று. தொழிலுக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனவர்கள் 392 பேர் இருந்தார்கள். அதில் 339 பேருக்கு எக்ஸ்ரேயில் ஆஸ்பெஸ்டோசிஸ் தெரிந்தது. பத்தாண்டு ஆகாதவர்களிலோ, பத்தில் ஒருவருக்குத்தான் மாற்றம் இருந்தது. பிறகு 1943க்கு முன் தொழிலில் சேர்ந்த 632 பேரின் முடிவைத் தேடினார்கள். நுரையீரலிலும் அதன் உறையிலும் வந்த புற்றுநோயால் ஆறேழு பேர் இறந்திருக்கலாம் என்பது கணக்கு. இறந்தவர்கள் 45 பேர். எல்லாம் சிகரெட்டால் என்று சிலர் சொன்னார்கள். அதற்கும் 1979இல் விடை கிடைத்தது. புகையும் ஆஸ்பெஸ்டாஸும் இல்லாதவரோடு ஒப்பிட்டால், நுரையீரல் புற்றுநோயால் சாகும் வாய்ப்பு ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் பட்டவருக்கு 5 மடங்கு, சிகரெட் மட்டும் பிடித்தவருக்கு 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தவருக்கு 50 மடங்குக்கும் மேல். மீசோதீலியோமாவிலோ சிகரெட்டுக்குப் பங்கே இல்லை.

இந்தச் சான்றுகள் வந்தபோது போர்க்காலத் தொழிலாளர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். ஆணும் பெண்ணுமாகச் சுமார் 45 லட்சம் பேர் போர் ஆண்டுகளில் அமெரிக்கக் கப்பல் தளங்களில் வேலை பார்த்ததாக அரசு மதிப்பிட்டது. பலர் இரண்டு மூன்று ஆண்டுகள் மட்டும் இருந்துவிட்டு விவசாயத்துக்கும் கடை வேலைக்கும் திரும்பியவர்கள். 1975இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் மாவட்டவாரியாகப் புற்றுநோய் வரைபடம் வெளியிட்டது. தென்கிழக்குக் கடலோரத்தில் நுரையீரல் புற்றுநோய் மிகுந்திருப்பது அதில் தெரிந்தது. ஏன் என்று ஜார்ஜியா கடற்கரைக்குப் போய் விசாரித்தார்கள். சவானாவிலும் பிரன்ஸ்விக்கிலும் போர்க்காலத்தில் கப்பல் கட்டப் போனவர்களுக்கு, போகாதவர்களைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆபத்து என்று 1978இல் கட்டுரை வந்தது. வீட்டிலிருந்தவர்களும் தப்பவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் கப்பல் தொழிலாளர் குடும்பங்களைப் பரிசோதித்து 1985இல் வெளியான ஆய்வில், மனைவியரில் சுமார் 11 விழுக்காட்டினருக்கு ஆஸ்பெஸ்டாஸின் தடயம் எக்ஸ்ரேயில் இருந்தது. கணவனின் வேலை உடுப்பை உதறித் துவைத்ததைத் தவிர அவர்களுக்கும் கப்பலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

பெரிய பதவியும் யாரையும் காக்கவில்லை. இளம் அதிகாரியாக டெஸ்ட்ராயர் கப்பல்களில் போர் புரிந்து, 1970 முதல் 1974 வரை அமெரிக்கக் கடற்படையின் தலைமைப் பொறுப்பு வகித்த அட்மிரல் எல்மோ ஜும்வால்ட் 2000 ஜனவரி 2 அன்று மீசோதீலியோமாவால் இறந்தார்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது வழக்கறிஞர்களின் துறை. பணியில் நேர்ந்த பாதிப்புக்குப் படைவீரர் அரசின் மீது வழக்குப் போட முடியாது என்று 1950இலேயே ஃபெரெஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முன்னாள் மாலுமிக்கு அரசிடமிருந்து ஊனமுற்றோர் உதவித்தொகை உண்டு, நியாயம் கேட்கும் உரிமை இல்லை. எனவே பொருளைத் தயாரித்த கம்பெனிகள் மீது வழக்குகள் திரும்பின. அதற்கு வழி திறந்தவர் கிளாரன்ஸ் போரெல் என்ற டெக்சாஸ் தொழிலாளி. 1936 முதல் 1969 வரை வெப்பக்காப்பு வேலை செய்தவர். நாள் முடிவில் மூக்கைச் சிந்தினால் கைநிறையத் தூசி வரும், அது தொண்டைக்குள் இறங்காமல் இருக்க மூக்குத் துளையில் மென்தலேட்டம் தடவிக்கொள்வேன் என்று அவர் கொடுத்த வாக்குமூலம் தீர்ப்பில் இருக்கிறது. இவ்வளவு பெரிய ஆபத்துக்கு எதிராக அவர் கையில் இருந்தது ஒரு சிறு தைல டப்பா. விசாரணைக்கு முன்பே 1970இல் இறந்துபோனார். 1973இல் மேல்முறையீட்டிலும் அவர் வழக்கு வென்றது. எச்சரிக்கை செய்யாத உற்பத்தியாளர் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்பது நிலைபெற்றது. வழக்குகள் குவிய, ஆஸ்பெஸ்டாஸ் பொருள்களைத் தயாரித்த ஜான்ஸ்-மேன்வில் கம்பெனி 1982 ஆகஸ்டில் திவால் பாதுகாப்புக் கேட்டது. 2019இல் இரண்டு மாலுமிகளின் குடும்பங்கள் தொடுத்த வழக்கிலும், ஆஸ்பெஸ்டாஸ் சேர்த்தால்தான் ஓடும் இயந்திரத்தை விற்றவர் எச்சரித்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது அந்த மாலுமிகள் உயிரோடு இல்லை.

அந்தக் கப்பல்களின் காலம் முடிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். பல கப்பல்கள் கடைசியில் உடைபட வருவது குஜராத்தின் அலங் கடற்கரைக்கு. பிரெஞ்சு விமானந்தாங்கிக் கப்பல் கிளமென்சோ, உள்ளே ஆஸ்பெஸ்டாஸோடு 2005 டிசம்பர் 31 அன்று தூலோன் துறைமுகத்திலிருந்து அலங்கை நோக்கிப் புறப்பட்டது. எதிர்ப்பு எழுந்து, 2006 பிப்ரவரியில் அதிபர் சிராக் திரும்ப அழைத்தார். பின்னர் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில், உரிய கவசங்களோடு அது உடைக்கப்பட்டது. திரும்பிப் போகாமல் அலங்கிலேயே உடைபட்ட கப்பல்கள் ஏராளம். அங்கே ஆஸ்பெஸ்டாஸைக் கையாண்ட 94 தொழிலாளர்களுக்கு 2006ஆம் ஆண்டு வாக்கில் எடுத்த எக்ஸ்ரேயில் 15 பேருக்கு மாற்றம் தெரிந்தது. ஆறில் ஒருவர். இது குறைவுதானே என்று யாராவது சொன்னால், 1946ஐ அவர்களுக்குச் சொல்லுங்கள். அந்தத் தொழிலாளர்களின் உண்மைக் கணக்கு இனிமேல்தான் தெரியும். ஆனால் எண்ணுவதற்கு அவர்கள் அங்கே இருக்கமாட்டார்கள். ஒடிசாவுக்கும் பீகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் திரும்பிப் போய், அங்கே ஏதோ ஓர் அரசு மருத்துவமனையின் வரிசையில் நிற்பார்கள்.

நம் உச்ச நீதிமன்றம் இதை முன்பே உணர்ந்திருந்தது. 1995 ஜனவரி 27 அன்று, நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று சொன்னது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளி ஒவ்வொருவரின் மருத்துவப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்ட பின் 15 ஆண்டுகள், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. இந்த நோயின் போக்கைப் புரிந்துகொண்டு எழுதிய வரிகள் அவை. ஆனால் மேஸ்திரியின் நோட்டுப் புத்தகத்தில் மட்டும் பெயர் இருக்கும் கூலித் தொழிலாளிக்கு நாற்பது ஆண்டுப் பதிவேடு எங்கிருந்து வரும்? செலிகாஃபுக்கு ஒரு சங்கப் பட்டியல் கிடைத்தது. நம் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. அவர்களுக்கு இருக்கப்போகிற ஒரே பதிவு, மருத்துவமனையில் நாம் எழுதும் சீட்டு.

அதனால் இங்கே அமர்ந்திருக்கும் இளம் மருத்துவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நோயாளிச் சீட்டில் தொழில் என்ற இடத்தில் கூலி, ஓய்வு பெற்றவர் என்று ஒற்றைச் சொல் எழுதும் வழக்கத்தை விடுங்கள். முதல் வேலை எது, எந்த வயதில், எந்த ஊரில், எந்தக் கப்பலில் அல்லது ஆலையில், கையில் என்ன பொருள் என்று இளமைக் காலத்திலிருந்து கேட்டுக்கொண்டு வாருங்கள். பெண்ணாக இருந்தால் அவர் யார் துணியைத் துவைத்தார் என்றும் கேளுங்கள். நுரையீரல் உறையில் நீர் என்றால் நம் ஊரில் கை தானாகக் காசநோய் மருந்தை எழுதிவிடும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அறுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு நீர் ரத்தமாக வந்து, வலி விடாமல் இருந்து, மருந்துக்கும் கேட்கவில்லை என்றால், திசுப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில்சார் நோய்ப் பட்டியலில் ஆஸ்பெஸ்டோசிஸ் பல காலமாக இருந்து வருகிறது. சிகிச்சை அளிக்கும் மருத்துவர்தான் அதற்குரிய அரசு அதிகாரிக்கு எழுத வேண்டும். அந்தக் கடிதத்தை எழுதுங்கள். அதன் ஒரு படியை நோயாளியின் வீட்டாரிடமும் கொடுத்துவிடுங்கள். இழப்பீடு கேட்டுப் போகும் நாளில் அவர்கள் கையில் ஒரு காகிதமாவது இருக்கட்டும்.